மலையில் தொலையாத மூன்று பேர்

பியூலா முப்பத்தொரு வருஷம் போக்குவரத்து அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். சீட் பெல்ட் போடாததற்காகச் சொந்த நாத்தனாருக்கே அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தவள். அந்த நாத்தனார் இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்வதில்லை.

ஓய்வுக்குப் பிறகு கை சும்மா இருக்கவில்லை. ரிட்ரீட் என்ற தன் பகுதியில் அக்கம்பக்கத்தார் பதினோரு பேரைச் சேர்த்து ஒரு நடைக் குழு ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் கேப் டவுனைச் சுற்றி இருக்கும் மலைப்பாதைகளில் ஏதாவது ஒன்று. அதற்கு விதிகளும் எழுதினாள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். கழுத்தில் விசில். பாதையை விட்டு விலகக்கூடாது. நாலு பேருக்குக் குறைந்தால் மலையேறவே கூடாது. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பிவிடும்.

அன்று ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் கால்க் பே ரயில் நிலையத்தில் தன்னந்தனியாக நின்றாள். முந்தின நாள் குழு உறுப்பினர் டென்சிலின் மகளுக்குக் கல்யாணம். குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் போய் ஆடியிருந்தார்கள். பியூலாவும் போனாள், காலையில் நடை இருக்கிறதென்று ராத்திரி ஒன்பது மணிக்கே கிளம்பி வந்துவிட்டாள். இப்போது கைபேசியில் வரிசையாகச் செய்தி. 'இடுப்பு பிடிச்சுக்கிச்சு' என்றாள் ஷார்மேன். 'எழுந்து நிக்கவே முடியல, மன்னிச்சுக்கோங்க' என்றான் டென்சில். ஐவன் கிழவர் செய்தி எழுதக்கூடத் தெம்பில்லாமல் தூங்குகிற பொம்மைப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் வானம் நீலமாக இருந்தது, எதிரே கடல் தட்டு மாதிரி கிடந்தது, அவளுக்கோ கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. 'அந்த விதியெல்லாம் மலையைத் தெரியாதவங்களுக்கு' என்று தனக்குத்தானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டு மலைப்பாதையின் படிகளில் ஏறினாள்.

ஒரு மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு தென்கிழக்குக் காற்று திரும்பி, மேகத்தை மலைமேல் கொண்டுவந்து கொட்டியது. பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. அப்போதுதான் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். இரண்டு ஆண்கள். தலையை மூடி இழுத்துவிட்ட முக்காட்டுச் சட்டை. ஒவ்வொருவனும் அலமாரி அகலம்.

இந்த மலைகளில் கைபேசியும் காலணியும் பறிகொடுத்து வெறுங்காலோடு இறங்கி வந்தவர்கள் கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். பியூலா நடையைக் கூட்டினாள். அவர்களும் கூட்டினார்கள். அவள் ஓடினாள். அவர்களும் ஓடினார்கள். பாதையை விட்டு விலகிப் புதர்களுக்குள் புகுந்தாள். பின்னாலேயே கிளைகள் முறியும் சத்தம்.

பொருளைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றிக்கொள் என்பது அவளே ஊருக்குச் சொன்ன புத்திதான். முதுகுப் பையைக் கழற்றிப் பின்னால் வீசினாள்.

"ஆன்ட்டி! பை விழுந்திடுச்சு!"

தந்திரம் என்று நினைத்தாள். கைக்கடிகாரத்தையும் அவிழ்த்து எறிந்தாள்.

"ஆன்ட்டி! வாட்சும் விழுந்திடுச்சு! கொஞ்சம் நில்லுங்களேன்!"

அடுத்தது மேல்கோட்டுதான். அதைக் கழற்றக் கை வைத்ததும் பின்னாலிருந்து அழாத குறையாக ஒரு குரல் வந்தது. "அந்த ஆரஞ்சு கோட்டை மட்டும் கழட்டிடாதீங்க ஆன்ட்டி! அதைப் பார்த்துத்தான் நாங்க வழி கண்டுபிடிச்சு வர்றோம்!"

பியூலா நின்றுவிட்டாள். பையையும் கடிகாரத்தையும் பொறுக்கிக்கொண்டு இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

பெரியவன் பெயர் மொக்சீன், ஆத்லோனில் கசாப்புக் கடை. மற்றவன் ரித்வான், மொக்சீனின் தங்கை புருஷன். இருவருக்கும் மலை இதுதான் முதல் தடவை.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு ஆன்ட்டி, சுகர்" என்றான் மொக்சீன் மூச்சிரைத்துக்கொண்டே.

"தரையில நடக்கச் சொன்னாரு மச்சான். உன்னை யாரு மலைக்கு வரச் சொன்னது?" என்றான் ரித்வான்.

"கீழ ஆன்ட்டியைப் பார்த்தோம். விசிலு, கம்பு, கோட்டு. இவங்களுக்கு எல்லாம் தெரியும், பின்னாடியே போயிடுவோம்னு வந்துட்டோம். இப்ப நாம எங்க இருக்கோம் ஆன்ட்டி?"

எங்கே இருக்கிறோம் என்று ஆன்ட்டிக்கும் தெரியவில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "மேகம் விலகுற வரைக்கும் அசையக்கூடாது" என்று ஒரு பாறைச் சரிவுக்கு அடியில் இருவரையும் உட்காரவைத்தாள். மொக்சீன் சமோசாப் பொட்டலத்தைப் பிரித்தான். கறி சமோசா, அவன் மனைவி செய்தது. சாப்பிட்டதும் பியூலாவுக்குத் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் உபதேசமும் வந்தது. தண்ணீர் எவ்வளவு, செருப்பு எப்படி, மீட்புப் படை எண் என்ன என்று அடுக்கி, அந்த எண்ணை இருவர் கைபேசியிலும் பதியவைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

"முக்கியமா, நாலு பேருக்குக் கம்மியா மலைக்கு வரவே கூடாது. புரியுதா?"

"புரியுது ஆன்ட்டி" என்றான் ரித்வான் பயபக்தியோடு. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். "அப்ப உங்ககூட வந்த மத்த மூணு பேரு எங்க?"

பியூலாவின் வாயில் இரண்டாவது சமோசா அப்படியே நின்றது.

"முன்னாடி போயிட்டாங்க."

"இந்த மேகத்துலயா? பேரு என்ன ஆன்ட்டி?"

"டென்சில், ஷார்மேன், ஐவன்" என்றாள். பொய்க்குப் பெயர் வைத்தால் அது பிள்ளையாகிவிடும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று புதருக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது மொக்சீன் பாறை உச்சியில் கைபேசியோடு நின்றிருந்தான்.

"கவலைப்படாதீங்க ஆன்ட்டி. சொல்லிட்டேன்."

"யார்கிட்ட? என்னத்த?"

"மீட்புப் படைகிட்டதான். நீங்க குடுத்த நம்பர். மூணு பேரைக் காணோம், அதுல ஒருத்தர் வயசானவர்னு சொன்னேன். உடனே கிளம்பிட்டாங்க. நாம இங்கயே இருக்கணுமாம்."

"வேண்டாம்னு சொல்லு! அவங்க இந்நேரம் இறங்கியிருப்பாங்க!"

"பாவம், மனசைத் தேத்திக்கிறாங்க" என்று ரித்வான் மச்சானிடம் சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

முக்கால் மணி நேரத்தில் மேகத்துக்குள்ளிருந்து நாலு பேர் கயிறும் தூக்குக்கட்டிலுமாக வந்து சேர்ந்தார்கள். தலைவி நோம்ஃபுண்டோ, முப்பது வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்த முகம்.

"கடைசியா அவங்களை எங்க பார்த்தீங்க?"

கல்யாண மண்டபத்தில் என்பதுதான் உண்மை. பியூலா தரையைப் பார்த்தாள்.

"யாராவது ஒருத்தர் நம்பர் குடுங்கம்மா, முதல்ல அடிச்சுப் பார்ப்போம்."

பியூலா டென்சிலின் எண்ணைச் சொன்னாள். ஒலிபெருக்கியில் மணி வெகுநேரம் அடித்தது.

"ஹலோ?" தூக்கம் கலையாத குரல்.

"சார், நாங்க மீட்புப் படை. நீங்க இப்ப எங்க இருக்கீங்க? காயம் ஏதாவது?"

"கட்டில்ல இருக்கேன். தலைதான் வலிக்குது." குரல் சட்டென்று தெளிந்தது. "ஐயய்யோ... நடைக்கு வரலேன்னு பியூலா உங்களை அனுப்பிட்டாங்களா?"

பியூலா வாழ்க்கையில் முதல்முறையாகத் தன்மேல் தானே வழக்குப் பதிந்தாள். "பொய் சொன்னேன். நான் தனியாத்தான் வந்தேன். இவங்களைத் திருடங்கன்னு நினைச்சு ஓடினேன், வழி தவறிட்டேன். மலையில வேற யாரும் தொலையல."

மொக்சீனின் முகம் வாடிப்போயிற்று. "ஆன்ட்டி, அவங்களுக்காக நான் அல்லாகிட்ட துஆ கூட செஞ்சேனே."

"அது வீண் போகல" என்றாள் நோம்ஃபுண்டோ. "மூணு பேரும் பத்திரமா இருக்காங்க." அதற்கு மேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட வந்தவர்களில் ஒருவன் தூக்குக்கட்டிலின் மேலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். சிரித்து முடித்ததும் அவள் பியூலாவைத் தனியே அழைத்துப் போய், சிரிப்பில்லாத முகத்தோடு ஐந்து நிமிஷம் பேசினாள். எந்த வார்த்தையும் பியூலாவுக்குப் புதிதில்லை. கேட்கிற இடத்தில் நிற்பதுதான் புதிது.

புதன்கிழமை ஷார்மேன் வீட்டில் குழு கூடியது. பியூலா எழுந்து நின்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். இரண்டு வாரம் நடைக்கு வரக்கூடாது என்று டென்சில் தண்டனை சொன்னான்.

"ரெண்டா?" பியூலா சீறினாள். "வேற யாராவது செஞ்சிருந்தா நான் ஆறு வாரம் குடுத்திருப்பேன்!"

அரைமணி நேரம் வாதாடினாள், தனக்கெதிராக. கடைசியில் நாலு வாரம் என்று முடிவாயிற்று. அதுவும் குறைவுதான் என்று முனகிக்கொண்டே ஷார்மேன் வைத்த கேக்கை வெட்டினாள்.

தண்டனையின் முதல் ஞாயிறு விடிந்ததிலிருந்து வீடு பிடிக்கவில்லை. பாத்திரங்களை இரண்டு தடவை கழுவினாள். எட்டு மணிக்குக் கைபேசி அடித்தது.

"ஆன்ட்டி, மொக்சீன் பேசறேன். இன்னிக்கு நானும் மச்சானும் மியூசன்பெர்க்ல கடலோரமா நடக்கப் போறோம். வெறும் நடைபாதைதான், ஒரு மேடுகூடக் கிடையாது. வர்றீங்களா?"

"என்மேல கோபம் இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ சிரிச்ச சிரிப்புல எனக்கு மறந்தே போச்சு. உங்களைப் பார்க்கணுமாம், அவளும் வர்றா."

பியூலா பத்து நிமிஷத்தில் தயாராகித் தன் வீட்டு வாசலில் நின்றாள். கடலோரத்தில் அலை சுவரில் மோதித் தெறித்துக்கொண்டிருந்தது. மொக்சீனுக்கும் ரித்வானுக்கும் நடுவில் நடந்தபடி, மொக்சீனின் மனைவி கேட்கக் கேட்க, கடிகாரத்தை எறிந்த கதையைப் பியூலாவே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.