ஏப்பத்தில் அறுந்த பாட்டு

பூங்கொடி பாடிக்கொண்டு இறங்கினால் எதிரணிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். அன்று புளி கரைந்தது அவள் புருஷன் செல்வராஜுக்கு. கபடி அரையிறுதியில் "கபடி கபடி" என்று கோட்டைத் தாண்டிப் போனவள், நடுவில் "ஏவ்" என்று ஒரு ஏப்பம் விட்டாள். பாட்டு அறுந்தது. நடுவர் விசில் ஊதி அவளை வெளியே அனுப்பிவிட்டார்.

அவளுடைய செய்யூர் அணி எப்படியோ தப்பிப் பிழைத்து இறுதிக்கு வந்தது. ஆனால் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அணியில் ஓர் இடத்துக்காகத்தான் பூங்கொடி விடியற்காலையில் சவுக்குத் தோப்பைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

குற்றவாளி வேறு யாருமில்லை, செல்வராஜேதான். பெண்டாட்டி தெம்பாக ஆட வேண்டுமே என்று, ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேகவைத்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று திணித்தான். அவளும் பேசிக்கொண்டே மென்றும் மெல்லாமலும் முழுங்கினாள். "வயிறு இன்னாவோ மாரி கீதுய்யா" என்றதற்கு ஒரு சோடாவையும் உடைத்துக் கொடுத்தான். ஏப்பம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவன் வைத்தியம்.

முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸ் ஞானம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவசரமா முழுங்கனா காத்தும்தான் உள்ள போவும். கடலயும் வாயு. அதும்மேல சோடாவா? வயித்த இன்னா, சைக்கிள் டியூப்னு நெனச்சிகினியா? இனிமே ஆட்டத்துக்கு ரொம்ப முன்னாடியே, கொஞ்சமா, நல்லா மென்னு துன்னட்டும். இப்போ மெதுவா நடக்க வுடு."

பூங்கொடி மைதானத்தைச் சுற்றி நடந்தாள். செல்வராஜ் கையில் மிச்ச சோடாக்கள் இருந்தன. இறுதியில் மோதவிருந்த கல்பாக்கத்துப் பெண்கள் வெயிலில் வாடி நின்றார்கள். நம்ம ஊருக்கு வந்த பிள்ளைகள் தொண்டை காய்ந்து நிற்பதா? "குடிம்மா, குடி" என்று அவர்களின் முக்கிய ஆட்டக்காரி பிரபாவுக்கு நீட்டினான். சத்தியமாக அதில் சூது கிடையாது. சூது பண்ணுகிற அளவுக்கு அவனுக்கு மூளை ஓடாது.

இறுதி ஆட்டம் முடியப்போகும் நேரம், இரண்டு அணியும் சமம். பிரபா பாடி வந்தாள். பூங்கொடியைத் தொட ஒரு சாண்தான் பாக்கி. "கபடி கப... ஏவ்!" விசில் பறந்தது. அடுத்து பூங்கொடி இறங்கினாள். பாட்டில் ஒரு பிசிறில்லை. இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பிவிட்டாள். செய்யூர் ஜெயித்தது.

செல்வராஜ் துள்ளிக் குதித்து ஓடினான். பூங்கொடி அவனைப் பார்க்கவில்லை, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பிரபாவின் காலடியில் கிடந்த சோடா பாட்டிலைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போனது. நேரே பந்தலுக்குப் போனாள்.

"சார், அந்தப் பொண்ண ஏப்பத்த வச்சி எட போடாதீங்க. சோடா குடுத்தது எம்புருசன். அவ நல்லா ஆடுறவ."

செல்வராஜுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப் பார்க்கிறதே! ஆனால் மைக்கில் மாவட்ட அணிப் பயிற்சி முகாமுக்குப் பிரபாவின் பெயரோடு பூங்கொடியின் பெயரும் வந்தது. அவன் கண் கலங்கிவிட்டது.

"செங்கல்பட்டு கேம்புல உன்ன வந்து பாக்கட்டா, பூவு?"

"வாய்யா. வெறுங்கையோட வா."