பேரலல் லைன்

இன்டர்நெட் மோடத்தில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு மறுபடியும் அணைந்தது. கிளாரா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டு, எதிரே இருந்த சுவரைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டாள். "நல்லா இருங்க தாயே, நல்லா இருங்க" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாதா சொரூபம் ஒன்றும் இல்லை. அவள் புருஷன் மரிய அருணின் அண்ணன் செபஸ்தியானின் வீடுதான் இருந்தது. அண்ணன் பெண்டாட்டி சூசை மேரியின் காதில் விழட்டும் என்றுதான் இரைந்து சொன்னாள்.

திண்டிவனத்தில் அந்த வருஷம்தான் எங்கே பார்த்தாலும் பிராட்பேண்டு பேச்சு. இருக்கிற டெலிபோன் ஒயரிலேயே இன்டர்நெட் வருமாம், பேசிக்கொண்டே நெட்டும் பார்க்கலாமாம், பழைய கனெக்‌ஷன் போல கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டு நிற்காதாம். கிளாராவுக்கு இது வேடிக்கைப் பேச்சு இல்லை. அமெரிக்க டாக்டர்கள் வாயால் சொல்லிவைத்ததைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கும் வேலை அவளுடையது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினம் பாண்டிச்சேரி பஸ்ஸில் தொங்கிப் போய்வந்தவள். வீட்டில் பிராட்பேண்டு இருந்தால் வீட்டிலிருந்தே பண்ணலாம் என்று கம்பெனி சொன்னபோது, அன்றைக்கே டெலிபோன் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததென்னவோ வந்தது. பகலெல்லாம் ஜோராக ஓடும். சாயங்காலம் அஞ்சு அடித்ததும் பேய் பிடித்துக்கொள்ளும். ஆறரைக்குள் முடித்த ஃபைல்களை ஏற்றி அனுப்ப வேண்டும். பாதி ஏறும்போது விளக்கு அணையும், வரும், மறுபடி அணையும். மொத்தத்தையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். சூப்பர்வைசர் பெனாசிர் நல்ல பெண்தான். அவளே போனில், "அக்கா, இன்னொரு வாட்டி லேட்டாச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க, நான் இன்னா பண்றது" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டாள்.

லைன்மேன் துரைக்கண்ணு வந்து பார்த்தார். மாமனார் காலத்து லைன். வீட்டின் நடுவில் சுவர் எழுப்பியபோது கிணறு யார் பக்கம் என்று மூண்ட சண்டையில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனது. டெலிபோனைப் பிரிக்க மட்டும் எவருக்கும் தோன்றவில்லை. ஒரே நம்பர், ஒரே ஒயர், இந்தப் பக்கம் ஒரு போன், அந்தப் பக்கம் ஒரு போன்.

"ஒங்க போனுக்கு ஃபில்டர் டப்பா போட்டுக்கீறேன், அதுல வம்பு இல்ல. அந்தூட்டு போன்ல டப்பா இல்ல. அங்க ரிசீவரைத் தூக்கினா இங்க நெட்டு போயிடும். இன்னொரு டப்பா எங்ககிட்ட ஸ்டாக் இல்லம்மா. ஜல்தியா ஆவணும்னா வெளியில அந்த ஒயரை நறுக்கி வுட்டுடலாம்."

"நறுக்குங்க" என்றான் அருண். "லைன் என் பேர்லதான இருக்குது."

கிளாராதான் நாளைக்கு ஆகட்டும் என்று நிறுத்தினாள். நல்ல மனசு என்று எண்ணிவிட வேண்டாம். நறுக்குவதற்கு முன்னால் சூசை மேரியை நேருக்கு நேர் நாலு வார்த்தை கேட்டால்தான் அவளுக்கு ஆறும்.

மறுநாள் அஞ்சரைக்கு விளக்கு அணைந்த சூட்டோடு புறப்பட்டுப் போனாள். அடுத்த வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. சூசை மேரி தரையில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள். பேசவில்லை. நம்பரும் சுற்றவில்லை. கேட்டாள், வைத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி எடுத்தாள். வயிற்றெரிச்சலில் செய்கிறவளின் முகமாக அது இல்லை.

"யார்கூடக்கா பேசறீங்க?" சண்டைக்கு வந்தவள் வாயில் அக்கா என்று வந்துவிட்டது.

சூசை மேரி திடுக்கிட்டுத் திரும்பினாள். போனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் மணிச் சத்தத்துக்கான சின்ன சுவிட்ச் அணைந்திருந்தது.

"ஜெனித்து போன் பண்ணா காதுல வுழக்கூடாதுன்னு ஒங்க மாமா இப்பிடித் திருப்பி வெச்சிட்டாரு. நான் நிமித்தி வெச்சாலும் வந்து பாத்துத் திருப்பி வெச்சிடறாரு. ஒரு வார்த்தை திட்றதில்ல. திட்டினாலும் தேவலாம். ஒன் வீட்டு மணியும் முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குது. அவ கூப்புடறது எனக்கு எப்பிடித் தெரியும்? அவரு டீக்கடைக்குப் போனப்புறம் அப்பப்ப எடுத்துப் பாக்கறேன்."

ஜெனித் அவர்களுடைய ஒரே மகள். கோட்டக்குப்பத்து யாஹ்யாவைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் பெயரை அந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று செபஸ்தியான் விதித்தது தெருவுக்கே தெரியும்.

டாக்டர் பேச்சு சரியாகக் கேட்கவேண்டும் என்று தன் வீட்டு மணியைக் குறைத்து வைத்தது கிளாராதான். அது மட்டுமா? மாசத்துக்கு ஒன்றிரண்டு முறை ஒரு போன் வரும். ஹலோ என்றால் பதில் இருக்காது. மூச்சு மட்டும் கேட்கும், கட்டாகிவிடும். போன வாரம்கூட, "பேசத் துப்பில்லன்னா எதுக்குடா போன் பண்றீங்க" என்று வாயில் வந்தபடி ஏசிவிட்டு வைத்தாள். மாதாவே, அது அந்தப் பெண்ணாக இருந்தால்?

இதை எப்படிச் சொல்வாள். தன் வேலை விஷயத்தைத்தான் சொன்னாள். சூசை மேரி கேட்டுவிட்டு அரண்டுபோனாள். "ஐயோ, எனக்கு இன்னாடி தெரியும். ஒன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுக்கினு இருந்தேனா? இனிமே தொடல."

"தொடவே வேணாம்னு சொல்லலக்கா. அவ போன் பண்ணா நான் சுவத்துல தட்டறேன். அப்ப எடுங்க."

"மறந்துட மாட்டியே?" என்று கேட்டபோது சூசை மேரியின் கை கிளாராவின் புறங்கையைப் பிடித்திருந்தது.

அதன்பிறகு விளக்கு அணையவில்லை. ஃபைல்கள் நேரத்துக்குப் போயின, பெனாசிர் குரலில் சிரிப்பு வந்தது. ஒயரை எப்போது நறுக்குவது என்று அருண் கேட்டபோதெல்லாம் லைன்மேனுக்கு லீவு என்றாள் கிளாரா. மணியை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, டாக்டர்களின் பேச்சை இரண்டு தடவை கேட்டு டைப் அடித்தாள்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. ஃபைல் பாதி ஏறியிருந்தது. ஆறரைக்குக் கொஞ்சம்தான் இருந்தது. போன் அடித்தது.

"ஹலோ."

மூச்சு.

"ஜெனித்து, வெச்சிடாதம்மா. சித்திதான். திட்ட மாட்டேன்."

"அம்மா இருக்காங்களா சித்தி?" என்று வந்தது. அழுது தீர்த்த தொண்டை அது.

அரைமணி கழித்துப் பண்ணு என்று சொல்லலாம். அந்த நினைப்பு வரத்தான் செய்தது, வரவில்லை என்றால் பொய். திரையில் நகர்ந்துகொண்டிருந்த நீலக் கோட்டைப் பார்த்தாள். அப்புறம் சுவரை ஓங்கி, உள்ளங்கை காந்தத் தட்டினாள்.

அந்தப் பக்கம் ரிசீவர் எடுபடும் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு அணைந்தது. நீலக் கோடு நின்றது. போனில் ஒரு இருமல் கேட்டது. சூசை மேரியின் இருமல் இல்லை.

மழைக்கு மனுஷன் டீக்கடைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

"அம்மா?" என்றாள் ஜெனித்.

மறுபடி அந்த இருமல்.

"...அப்பாவா?"

அதற்குமேல் கேட்க கிளாராவுக்குத் தைரியமும் இல்லை, பாத்தியதையும் இல்லை. ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள். அவர் போனை வைத்துவிட்டால் விளக்கு திரும்ப வந்துவிடும். இப்போது வந்தால்கூட, வேகமாக ஏற்றினால், வேலை தப்பித்துவிடும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, கறுத்துக் கிடந்த அந்த விளக்கையே பார்த்தாள். வந்துடாதே, வந்துடாதே என்று அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வெளியே மழை வலுத்தது. மணி ஆறரையைத் தாண்டியது. விளக்கு வரவில்லை.