சனிக்கிழமை துடைத்த ஈக்வலைசர்

ஒயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்துத் துப்பினாள் ஹெப்சி. நாற்பத்து நாலு வயது, பேங்க்கில் அசிஸ்டென்ட் மேனேஜர், சாவு வீட்டு ஹாலில் இடுப்புயர ஸ்பீக்கருக்குப் பின்னால் குப்புறப் படுத்து ஒயர் கடித்துக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி ஃப்ரீசர் பாக்ஸுக்குள் அப்பா வேதசிரோமணி, அவள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, எதையும் கண்டுகொள்ளாமல் படுத்திருந்தார். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

"அக்கா, மணி ரெண்டரை. நாலு மணிக்கு வண்டி வந்துடும்," என்றான் தம்பி ஜெர்சன்.

"தெரியும். டார்ச்சை ஆட்டாம பிடி."

அப்பாவின் தங்கை ரத்தினம் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, இன்னைக்கா இந்த ரிப்பேரெல்லாம்? செம்பாக்கமே வந்து உக்காந்திருக்கு. என்ன நெனப்பாங்க?"

"அம்மா கேட்டாங்க அத்தே."

அத்தை வாசலுக்கே திரும்பிப் போனாள். காலையிலிருந்து அம்மா ஞானஜோதி அழவில்லை. யாரிடமும் பேசவுமில்லை. சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "பெட்டியை மூடறதுக்குள்ள அவர் குரலை ஒரு தடவை கேக்கணும்."

கேட்டுவிட்டாள், ஆனால் குரலுக்கு எங்கே போவது? இரண்டு வருடத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வேதசிரோமணிக்குப் பேச்சில்லை. காபி வேண்டுமென்றாலும் எழுதித்தான் காட்டுவார். அதற்கு முன் போனில் பதிவு செய்து அனுப்புகிற பழக்கமும் அவருக்குக் கிடையாது. வீட்டையே புரட்டிப் போட்டதில் கிடைத்தது ஒரு கேசட். சர்ச் பாடகர் குழு ஒரு கிறிஸ்துமஸுக்குப் பாடியது. அதிலும் அவர் தனியாக இல்லை, இருபத்திரண்டு பேரோடு பேராக அடிக்குரலான பேஸ் பாடியிருந்தார். காலையில் பக்கத்து வீட்டுக் குமரேசன் கொடுத்த சின்ன டேப்பில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். மேல்ஸ்தாயியில் பெண்கள் வீறிட்டார்கள். கீழே பாடிய ஆண்களைக் காணவே காணோம்.

"இதுல அவர் எங்கே?" என்று கேட்டுவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தை ஹெப்சியால் தாங்க முடியவில்லை. ஒயர் கழன்று ரொம்ப நாளாக ஓடாமல் கிடந்த அப்பாவின் பழைய ஸ்டீரியோ செட்டை மூடியிருந்த பெட்ஷீட்டை அப்போதுதான் இழுத்துப் போட்டாள்.

கேசட் டெக், ஆம்ப்ளிஃபயர், இரண்டு மர ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் நடுவில் ஈக்வலைசர். அதில் மேலும் கீழும் நகர்கிற பத்துக் குமிழ்கள். இடப்பக்கத்துக் குமிழ்கள் அடிக்குரலை ஏற்றி இறக்கும், வலப்பக்கத்தவை கீச்சுக்குரலை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா ஹால் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கேசட்டைத்தான் போடுவார். அம்மா அடுப்படியில் நிற்பாள். சுவரைத் தாண்டி 'தொம் தொம்' என்று ஆண்களின் அடிக்குரல் வரும்.

"தன் குரலைத் தானே ரசிக்கிற மனுஷனை இங்கதான் பாக்கலாம்," என்று கரண்டியைத் தட்டுவாள். மாடியில் ஹெப்சிக்கும் அதே தொம் தொம்தான் கேட்கும். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அம்மாவும் சும்மா இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளை அசெம்பிளியில் வரிசை கட்டி நிறுத்திய டீச்சர். சனிக்கிழமை தூசி துடைக்கும்போது குமிழ்கள் ஏறுக்குமாறாக நிற்பதைக் கண்டால் கை பரபரக்கும். பத்தையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டுத்தான் நகருவாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி மாற்றி வைப்பார். இப்போதும் குமிழ்கள் ஒரே கோட்டில்தான் நின்றன.

ஜெர்சன் கேசட்டைப் போட்டான். சத்தம் வந்தது, ஆனால் உயிரே இல்லை.

"ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாத்தி சொருகிட்டே பாரு," என்று ஹெப்சி பிடுங்கி மாற்றினாள். மறு நிமிடம் ஹாலே நிறைந்தது. இருபத்திரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஆனால் யார் யாரென்றுதான் தெரியவில்லை.

"அப்பா எப்படி வெச்சிருப்பாருடா?"

ஜெர்சன் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். கறுப்புத் தகட்டில் ஒவ்வொரு குமிழுக்கும் பக்கத்தில் பொட்டுப் பொட்டாக ரோஸ் நிறம்.

"என் நெயில் பாலிஷ்!"

"அடிப்பாவி, இதை நான் எடுத்துட்டேன்னா ஸ்கூல் படிக்கறப்ப என்னை அந்த அடி அடிச்சே?"

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு புள்ளிக்குப் புள்ளி நகர்த்தினாள். பிறகு அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே அப்பாவின் நாற்காலியில் உட்கார வைத்தாள். அம்மா ஒருநாளும் உட்கார்ந்திராத நாற்காலி அது.

கேசட் சுழன்றது. கூட்டத்திலிருந்து ஒரு குரல் பிரிந்து முன்னால் வந்தது. ஆணின் குரல் அல்ல. தாழ்ந்த ஸ்தாயியில், கொஞ்சம் மூக்கால், அடியின் கடைசியை ஒரு இழை நீட்டிப் பாடுகிற பெண்குரல்.

அம்மா நிமிர்ந்தாள். "இது... நானு."

ஹெப்சி ஈக்வலைசரைப் பார்த்தாள். இடக்கோடியிலும் வலக்கோடியிலும் புள்ளிகள் தாழ்ந்திருந்தன. நடுவில் இருந்த மூன்றுதான் உச்சியில். அப்பா தன் குரலை அமுக்கிவிட்டு இத்தனை வருடமும் இவளைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எப்படி இறக்கி வைத்தாலும் சுவரைத் தாண்டுவது அடிக்குரல் மட்டும்தான். அடுப்படிக்கும் மாடிக்கும் வந்து சேர்ந்தது அதுதான். வீட்டில் ஒருத்தர்கூட ஒருநாளும் கதவைத் திறந்து பார்க்கவில்லையே என்று ஹெப்சி அழுதாள்.

அம்மா அந்தக் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடியவள். ஆல்டோவுக்கு அன்று இரண்டே பேர். மேலே சொப்ரானோ வீறிடும், கீழே ஆண்கள் முழங்குவார்கள், நடுவில் இவர்கள். "நான் பாடினா என்ன, வாயசைச்சா என்ன, யாருக்குக் கேக்குது?" என்று பதினைந்து வருடத்துக்கு முன் நின்றுவிட்டாள். அப்பா தடுக்கவில்லை. அழுத்தக்காரர், ஒன்றும் சொல்லவே இல்லை.

பாட்டு முடிந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று அம்மா ஃப்ரீசர் பாக்ஸைப் பார்த்துக் கேட்டாள். குரல் கோபமாகத்தான் இருந்தது. பிறகு எழுந்து வந்து இடப்பக்கக் குமிழ்களைத் தானே மேலே தள்ளினாள், மற்றதையெல்லாம் இறக்கினாள்.

"திருப்பிப் போடு. ஜெர்சன், அந்தப் பாக்ஸை அஞ்சு நிமிஷம் நிறுத்துடா. உம்முனு கத்திக்கிட்டே இருக்கு."

"அம்மா, அது..."

"அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது."

ஜெர்சன் பிளக்கைப் பிடுங்கினான். வாசலில் பேச்சும் நின்றுவிட்டது. பாட்டு தொடங்கியது. நாலைந்து ஆண்கள் அடியெடுத்தார்கள். அவர்கள் அடியெடுத்து அரைத் தாளம் போன பிறகு, கனமாக, அவசரமே இல்லாமல் இன்னொருவர் வந்து சேர்ந்துகொண்டார்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சாவு வீடு அதிர்ந்தது.

"பாத்தியா? எல்லாரும் கெளம்பினப்புறம்தான் இவரு வருவாரு. எத்தனை ப்ராக்டீஸ்ல திட்டு வாங்கியிருக்காரு!" சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்காமல் கடைசி வரை கேட்டாள். ரத்தினம் அத்தையும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அண்ணனைக் கேட்டாள்.

மூன்றரைக்கு ஆயரும் பாடகர் குழுவும் வந்தார்கள். கூடத்துப் பொருட்களை ஒதுக்கி, பெட்டியைச் சுற்றி வரிசை வரிசையாக நின்றார்கள். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க உக்காருங்க," என்றாள் ஜெனி. குழுவில் எல்லாருக்கும் இளையவள்.

"ஆல்டோ எந்தப் பக்கம்மா?"

ஜெனி பக்கத்தில் நின்றவளை இடித்து நகர்த்தி, கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் தெரியும்படி நடுவில் பிடித்தாள்.