அம்மா கேட்ட கிளட்ச்

மூன்றாவது முறையும் அம்மாவின் கார் ஒரு குதி குதித்துவிட்டு அணைந்து போனது. அது வாசல் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்க, இறுதி ஊர்தி உள்ளே வர வழியில்லாமல் தெருவில் காத்திருந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. பதினைந்து வருஷமாக ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டி, தனக்கு இடது கால் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டவன் அவன்.

"இறங்குண்ணா, நான் எடுக்கறேன்," என்றாள் தங்கை.

"நீ அழுதழுது கண்ணு வீங்கிக் கிடக்கிற. இந்த நிலைமைல இதை எடுப்பியா?"

"கண்ணு வீங்கினா கால் வேலை செய்யாதா?"

அண்ணன் இறங்கிக்கொண்டான். அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட் அம்மாவின் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. அதை நகர்த்த மனம் வரவில்லை. முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க, காரைச் சத்தமில்லாமல் பின்னால் எடுத்துத் தெரு ஓரத்தில் நிறுத்தினாள். ஊர்தி உள்ளே போனது.

அம்மா கார் சீட் தைப்பவள். பட்டறையில் மெஷினுக்கு முன்னால் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவள், வியாழக்கிழமை காலை கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே அதன்மேல் சாய்ந்துவிட்டாள். வயது அறுபத்து மூன்று. ஊரார் கார்களுக்கெல்லாம் சீட் தைத்துத் தைத்து, ஐம்பத்தைந்து வயதில் தனக்கென்று ஒரு பழைய டர்போ கார் வாங்கினாள். சின்ன வண்டி, கையால் கியர் மாற்றுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் கடிகாரம் வைத்து ஓட்டுவார்கள். அங்கே முதல் தடவை அம்மா இறங்கியபோது இளவட்டங்கள் ஓரமாகச் சிரித்தார்கள். இரண்டாவது தடவை நேரத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

"எல்லாரும் என் வண்டிலயே போயிடலாம்," என்றான் அண்ணன். "இது இங்கேயே நிக்கட்டும்."

"அம்மா கார் அம்மா பின்னாடி வரும்."

"ஊர்தி நடக்கிற வேகத்துல போகும்மா. இதுல இருக்கிறது ரேஸ் கிளட்ச். மெதுவாப் போனா ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளும்னு அம்மாவே என்கிட்ட சொல்லியிருக்கா. அந்த ஆறு வில்லைச் சமாச்சாரம். இப்பவே பாத்தியே, மூணு தடவை துள்ளுச்சு."

துள்ளியது கிளட்ச் இல்லை, அண்ணனின் கால்தான். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். அவள் உள்ளே போனாள்.

நாலு மாதத்துக்கு முன்னால், அவளே அந்த எஞ்சினை ட்யூன் செய்து முந்நூறு குதிரைசக்திக்குக் கொண்டுவர முடிவானது. அதுதான் அவள் தொழில். பழைய கிளட்ச் அந்தச் சக்தியைத் தாங்காது, வழுக்கும். புதிதாக எது போடுவது என்ற விஷயத்தில் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். ஓடுதளத்தில் எல்லோரும் போடுகிற ஆறு வில்லை, அதாவது ஆறு செராமிக் துண்டுகள் மட்டும் பதித்த கிளட்ச் தட்டும், அதை அழுத்திப் பிடிக்கிற முரட்டு பிரஷர் பிளேட்டும்தான் வேண்டும். அது எந்தச் சக்தியையும் கடித்துப் பிடிக்கும். ஆனால் ஒன்று பிடிக்கும், இல்லையென்றால் விடும், நடுவே ஒன்றும் கிடையாது. பெடல் கல் மாதிரி இருக்கும். அம்மா ஒற்றைக்காலில் நின்றது சரி, அவளுக்கு நல்ல கால் அந்த ஒன்றுதான். கிளட்சை மிதிக்க வேண்டிய இடது காலின் முழங்கால் தேய்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்குவாள், கேட்டால் செருப்பு சரியில்லை என்பாள்.

அதனால் மகள் பொய் சொன்னாள். ஆறு வில்லை என்று சொல்லிவிட்டு, மெத்தென்று பிடிக்கிற முழுவட்டத் தட்டையும் அழுத்தம் குறைந்த பிளேட்டையும் போட்டாள். அது வழுக்காமல் இருக்க எஞ்சினை நடத்துகிற கணினிக் கணக்கை, அதன் மேப்பை, முதலிலிருந்து எழுதினாள். டர்போ ஒரேயடியாகக் காற்றைத் திணிக்காதபடி குறைந்த சுற்றில் காற்றழுத்தத்தைக் குறைத்து, டார்க்கை, அதாவது முறுக்குவிசையை, கிளட்ச் தாங்குகிற அளவிலேயே கடைசிவரை கொண்டுபோனாள். உச்சத்தில் அதே முந்நூறு வரும். பதினோரு நாள், மடியில் லேப்டாப்போடு, சாலையிலேயே ஓட்டி ஓட்டித் திருத்தினாள். வாழ்க்கையில் அவள் செய்த நல்ல வேலை அதுதான். அதைத்தான் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. மூன்று நாளாக அழுகைக்கு நடுவே அவளைக் குத்திக்கொண்டிருந்தது இதுவே. அம்மா காதில் பூச்சுற்றி அனுப்பிவிட்டோம். இனி யாரிடம் போய் ஒப்புக்கொள்வது?

கூடத்தில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். கார்களை உருளைகள்மேல் ஏற்றிச் சக்தியை அளக்கிற டைனோக்காரர், டயர் கடை அக்காவோடு வந்திருந்தார். ஆறு வில்லைதான் போட வேண்டும் என்று அம்மாவுக்கு யோசனை சொன்ன மனுஷர் அவர்தான். அம்மாவைப் பார்த்துவிட்டு, ஓரமாக நின்றவளிடம் வந்தார்.

"முழுவட்டத் தட்டுதானே போட்ட?" என்றார் மெதுவாக.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா கேட்டுவிடுவாளோ என்பதுபோல ஒரு நொடி கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்கம்மாதான் சொன்னாங்க. நீ மாட்டிக் குடுத்த ரெண்டாவது நாளே வந்துட்டாங்க. 'முதல் சிக்னல்லயே தெரிஞ்சுபோச்சு, நான் கேட்டது இது இல்ல'ன்னாங்க. சரி, வீட்ல சண்டைதான்னு நினைச்சேன். 'வண்டிய மேல ஏத்துங்க, என்ன பண்ணி வச்சிருக்கான்னு பாக்கணும்'னாங்க. ஏத்தினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எஞ்சின் சுத்து மூவாயிரத்துலருந்து ஆறாயிரத்தைந்நூறு வரைக்கும் டார்க் கோடு மேசை மாதிரி ஒரே மட்டம். கிளட்ச் எங்கயும் வழுக்கல. மேல அதே முந்நூறு. நான் இருபத்திரண்டு வருஷமா இந்த வேலை பாக்கறேன்மா. எனக்கு இப்படி ஒரு கோடு போட வராது. உங்கம்மாகிட்ட அதைச் சொல்லிட்டேன், வெக்கப்படாம."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"விரலால அந்தக் கோட்டைத் தடவிப் பாத்தாங்க. 'தையல் நேரா ஓடியிருக்கு'ன்னாங்க."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'சொன்னா அடுத்த தடவை என்கிட்ட கேட்டுட்டுச் செய்வா. கேக்காமச் செய்யற தைரியம் இப்பத்தான் வந்திருக்கு, நான் அதைக் கெடுக்க மாட்டேன்'னாங்க. பையன்கிட்ட மூச்சு விடக்கூடாது, அவன் வாயில எதுவும் நிக்காதுன்னும் சொன்னாங்க."

டயர் கடை அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள். "அந்தப் பேப்பரை நான் நாலு தடவை பாத்தாச்சு. காத்து அடிக்க வந்தாக்கூட எடுத்துக் காட்டாமப் போகமாட்டாங்க. எனக்கு அதுல தலையும் புரியாது, வாலும் புரியாது. அழகா இருக்குக்கான்னு சொல்லி வைப்பேன். 'அழகு இல்லடி, சரியா இருக்கு'ன்னு திருத்துவாங்க."

நாலு மாதமாக அம்மா தெருத் தெருவாகத் தம்பட்டம் அடித்திருக்கிறாள், வீட்டுக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்காமல். மகளுக்குப் பெருமையாக இருந்தது. நெஞ்சு நிறைந்து, தொண்டைவரைக்கும் பெருமை. அம்மா கிடக்கிற கூடத்தில் நின்றுகொண்டு இப்படி ஒரு சந்தோஷமா என்று கூச்சமாகவும் இருந்தது. கூச்சத்தைவிடப் பெருமைதான் கூடுதல்.

தூக்குகிற நேரம் வந்தது. அண்ணன் முன்னால் பிடித்தான், டைனோக்காரர் பின்னால் பிடித்தார். ஊர்தியின் கதவு சாத்தப்பட்டதும் அவள் சாவியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். தடுத்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்ட அண்ணன், தன் வண்டியை மாமாவிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து ஏறினான். ஏறியதும் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான்.

"துள்ளினா ஓரமா நிறுத்திடு," என்றான். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

ஊர்தி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். ஆள் நடக்கிற வேகம். முதல் கியரிலேயே, பாதி பிடித்தும் பாதி விட்டும், கார் ஊர்தியின் பின்னால் ஒட்டினாற்போல் போனது. ஆறு வில்லையாக இருந்திருந்தால் இந்நேரம் கண்ணாடிகள் நடுங்கியிருக்கும். தெருமுனையில் நின்ற இரண்டொருவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார்கள்.

பெரிய சாலையில் திரும்பியதும் வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவள் கைநீட்டி வெயில் மறைப்பைக் கீழே இறக்கினாள்.

அதன் உள்பக்கத்தில் ஒரு கண்ணாடித்தாள் உறை தைத்திருந்தது. அம்மாவின் இரட்டைத் தையல், சிவப்பு நூல். உறைக்குள் டைனோக்காரரின் பேப்பர், அடிக்கடி எடுத்துக் காட்டியதில் ஓரங்கள் நைந்து போயிருந்தது. மேலே வண்டியின் விவரம். அதன் கீழே 'ட்யூன் செய்தவர்' என்ற இடத்தில், துணியில் அளவு குறிக்கிற நீலப் பென்சிலால், அம்மாவின் குண்டுக் கையெழுத்து: என் மகள்.

முன்னால் ஊர்தி மேட்டுச் சிக்னலில் நின்றது. அவளும் நின்றாள். அவளுக்குப் பின்னால் கார்கள், மாமாவுடையது, டைனோக்காரருடையது, ஓடுதளத்துப் பிள்ளைகளுடையவை, பள்ளம்வரைக்கும் நின்றன.

"என்ன பேப்பர் அது?" என்றான் அண்ணன்.

"இந்தக் காரோட டார்க் கோடு."

அவன் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தான். நீலப் பென்சிலில் எழுதியிருந்ததை வாய்க்குள் படித்தான்.

"அழகா இருக்கு," என்றான்.

"சரியா இருக்கு," என்றாள்.

விளக்கு பச்சையானது. ஊர்தி மேட்டில் ஏறத் தொடங்கியது. அவள் இடது காலை மெல்லத் தூக்கினாள், கார் ஒரு அங்குலம்கூடப் பின்னால் சரியாமல் அதன் பின்னே ஏறியது. அண்ணன் கைப்பிடியை விட்டிருந்தான். அவனுடைய இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.