பெயர் சொல்லாத இணைப்பு

"ப்ரூயர் கவுன்ட்டி இருக்கீங்களா?" என்று மடிக்கணினியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, கொரீன் குளிர்பெட்டியிலிருந்த பாலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். திரிந்துபோயிருந்தது. தொட்டியில் கவிழ்த்தாள். ப்ரூயர் கவுன்ட்டி இருந்தது. ஆட்வாட்டர் கவுன்ட்டியும் இருந்தது, அதன் பின்னால் குரைத்துக்கொண்டு ஒரு நாயும் இருந்தது. பெயர் சொல்லாத யாரும் இந்தத் தொலைபேசிக் கூட்டத்தில் இருக்கக் கூடாது என்பது போன மாதம்தான் வந்த விதி. அதை எழுதியவளே கொரீன்தான்.

அடுத்த அறையில் அவளுடைய அப்பா டெல்மர் ப்ரான்ஸ்மா செத்துக்கொண்டிருந்தார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. அவரும் எதையும் சுற்றி வளைத்துப் பேசியவரில்லை. ஈரல் போய்விட்டது, ஆஸ்பத்திரி வேண்டாம், என் வீட்டிலேயே கிடக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு டி மாய்ன் நகரத்தின் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள மாரிசெலா என்ற நர்ஸ் தினமும் வருகிறாள்.

கொரீன் சனிக்கிழமையே கான்சஸ் சிட்டியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அப்பா. இவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சனிக்கிழமை அவர் நல்ல நினைவோடு இருந்தார், நெடுஞ்சாலையில் எங்கே பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று விசாரித்தார், அவளும் சாலையைப் பற்றியே பேசினாள். ஞாயிறு தேவாலயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நேற்று அவர் தூங்கிக்கொண்டே இருந்தார். இன்றைக்கு, இந்தக் கூட்டத்தை முடித்துவிட்டு உள்ளே போய்ச் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைத் தள்ளிப்போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

அப்பாவும் மகளும் ஒரே தொழில். அவர் மாநில அரசுக்கு, அவள் மத்திய அரசுக்கு. வெள்ளத்தில் ஆறு ஏறும்போது கவுன்ட்டி என்கிற உள்ளூர் அரசின் ஆள் எடுக்கும் நீர்மட்ட அளவு யாருக்குப் போக வேண்டும், அபாயச் சங்கை யார் ஊத வேண்டும், எந்தக் கணினி எந்தக் கணினியோடு பேச வேண்டும் என்று மூன்று அரசுகளையும் ஒரே கயிற்றில் கட்டுகிற வேலை. டெல்மர் அந்த வேலையைக் காரில் செய்தார். ஐயோவா மாநிலத்தில் அவர் காபி குடிக்காத கவுன்ட்டி அலுவலகம் கிடையாது. பாதிச் சம்பளத்துக்குக் கணினியையும் மீதிச் சம்பளத்துக்கு நாய் உரிமத்தையும் பார்த்துக்கொள்கிற ஒற்றை ஆள்தான் பல ஊர்களில். அந்த ஆள் பதறிப்போய் போனை எடுத்தால் மறுமுனையில் பெயர் தெரிந்த ஒருவன் இருக்க வேண்டும், அந்த ஒருவன் மாநில அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பார் டெல்மர். கொரீனுக்கு அது பழைய காலத்துப் பேச்சு. கவுன்ட்டியிலிருந்து நேராக மத்திய அரசுக்கு வரட்டும், நடுவில் ஒரு கை குறைந்தால் அத்தனை நிமிடம் மிச்சம், அந்த நிமிடத்தில் ஒரு தெருவையே காலி செய்துவிடலாம் என்பது அவள் வாதம். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

தப்பு அதைச் சொன்ன விதத்தில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், எல்லா கவுன்ட்டியும் கேட்டுக்கொண்டிருக்க, "நடுவுல நின்னு கடுதாசியை இந்தக் கையில வாங்கி அந்தக் கையில குடுக்கறதுக்கு நமக்குத் தபால்காரர் வேண்டாம், மிஸ்டர் ப்ரான்ஸ்மா" என்று சொல்லிவிட்டாள். கூட்டத்தில் அப்பா என்று கூப்பிடுவதில்லை என்பது இருவருக்கும் இடையில் இருந்த வழக்கம். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. டெல்மர், தன் அலுவலகமே பேசுவதுபோல், "மாநிலம் புரிந்துகொண்டது" என்று மட்டும் சொன்னார். அந்த இலையுதிர் காலத்திலேயே ஓய்வு வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் நன்றி நாள் பண்டிகைக்கு அவள் வருவாள், வான்கோழியை அறுத்துக்கொண்டே பனி எப்போது விழும் என்று பேசிக்கொள்வார்கள், திரும்பிப் போவாள். அந்த வார்த்தை மட்டும் முள்ளாக உள்ளேயே கிடந்தது. அவளும் எடுக்கவில்லை, அவரும் காட்டவில்லை.

மாரிசெலா பனிக்கட்டித் துண்டுகள் எடுக்கக் கிண்ணத்தோடு சமையலறைக்குள் வந்தாள். மடிக்கணினியிலிருந்து ஆட்வாட்டர் கவுன்ட்டி ஏதோ புகார் சொல்லிக்கொண்டிருந்தது. மாரிசெலா அப்படியே நின்று கேட்டாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட, இந்த நிகழ்ச்சி இன்னும் வருதா? நின்னு போச்சுன்னுல்ல நினைச்சேன்."

கொரீனுக்குப் புரியவில்லை. தன் பக்க ஒலியை அணைத்துவிட்டு, எந்த நிகழ்ச்சி என்று கேட்டாள்.

"இதான். ஒவ்வொரு ஊரா பேர் கூப்பிடுவாங்களே. உங்கப்பா செவ்வாய்க்கிழமை ஆனா இதைப் போட்டு வச்சுக்குவாரு. வீட்டு போன்ல. ஸ்பீக்கர்ல போட்டு நெஞ்சு மேல வச்சுக்குவாரு. இந்த நேரத்துல மருந்து குடுக்க வந்தாக்கூட, 'சும்மா இரு'ன்னு கைய காட்டுவாரு." மாரிசெலா பனிக்கட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். "அதுல ஒரு அம்மா பேசுவாங்க, அவங்கதான் நடத்தறவங்க. 'இன்னைக்கு இவளுக்கு ஜலதோஷம் புடிச்சிருக்கு'ம்பாரு. 'நேத்து சரியா தூங்கல போல இருக்கு, எரிஞ்சு எரிஞ்சு விழறா'ம்பாரு. ரேடியோவுல வர்றவங்களுக்கு ஜலதோஷம் புடிச்சா இவருக்கென்னன்னு நான் கிண்டல் பண்ணுவேன்."

எப்போது நின்றது என்று மட்டும் கொரீன் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

போன மாதம் என்றாள் மாரிசெலா. அந்த அம்மா யாரையோ பேர் சொல்லு, பேர் சொல்லு என்று அதட்டினாளாம். பிறகு போன் செத்துவிட்டது. டெல்மர் மறுபடி எண்களை அழுத்தினாராம். மறுபடியும் செத்துவிட்டது. "அப்புறம் போனை எங்கிட்டக் குடுத்து டிராயர்ல வச்சிடுன்னாரு. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. சாப்பாடும் அந்த வாரத்துலேர்ந்துதான் குறைஞ்சது. நோயும்தான், அதைச் சொல்லணும்." கிண்ணத்தோடு டெல்மரின் அறைக்குப் போனாள்.

அன்றைக்குக் கொரீனின் திரையில் பெயரில்லாத ஓர் இணைப்பு, அதன் கடைசி எண்கள் மட்டும் தெரிந்தன. யார் நீங்கள் என்று மூன்று முறை கேட்பது விதி, கேட்டாள். மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. "ஊமைங்களுக்கு இங்க வேலையில்ல" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் துண்டித்தாள். அந்த எண்களை அவள் நான்கு வயதில் மனப்பாடம் செய்திருந்தாள். கடையில் தொலைந்துபோனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அம்மா பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்த வீட்டு எண். இப்போது யார் எண்ணை அழுத்துகிறார்கள், பெயரைத் தொட்டால் போகிறது. அந்த எண்கள் கண்ணெதிரே நின்றும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

கொரீன் கூட்டத்தைத் தன் உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, ப்ரூயர் கவுன்ட்டியின் டுவேன் ஃப்ரையைத் தனியாகத் தன் கைப்பேசிக்கு அழைக்கச் சொன்னாள். டுவேன் அப்பாவோடு மீன் பிடிக்கப் போகிறவர், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கண்காட்சி சுற்றியவர். கூட்டத்தில் மிஸ்டர் ஃப்ரை. வெளியே அங்கிள்.

"அங்கிள், அப்பாவுக்குக் கூட்டத்துல சேர்ற கோட் நம்பரை யார் குடுத்தது?"

டுவேனின் பின்னால் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது.

"நான்தான் பாப்பா. ரிடையர் ஆன ஆளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு தெரியும். என் மேல நடவடிக்கை எடுக்கறதுன்னா எடு."

"அதுக்காகக் கேக்கல."

"உன் குரலைக் கேக்கணும்னாரு. நீ போன் பண்ணினா ரெண்டு நிமிஷத்துல வச்சிடறியாம். இதுல ஒரு மணி நேரம் கேக்கலாம்னாரு. பேசினா நீ வெளிய அனுப்பியாகணும், விதி இருக்கு. பேசாம இருந்தா உனக்குத் தெரிய வேண்டியதில்ல. அப்படித்தான் கணக்குப் போட்டாரு மனுஷன்."

வேறு யாருக்குத் தெரியும் என்று கொரீன் கேட்டாள்.

"எல்லாருக்கும்." என்றார் டுவேன். "எல்லா கவுன்ட்டிக்கும் தெரியும். ஸ்டேட் ஆபீஸ்லயும் தெரியும். அவருக்குக் கேக்கட்டும்னுதான் நாங்க ஒவ்வொருத்தரும் எங்க ஆறு எவ்வளவு, எங்க சங்கு வேலை செய்யுதான்னு கொஞ்சம் விலாவாரியா சொல்லுவோம். ஏன் இப்படி இழுக்கறீங்கன்னு நீ கோபிச்சுக்குவே. உனக்கு மட்டும்தான் தெரியாது."

"அன்னைக்கு நான் துண்டிச்சப்போ, ஒருத்தர்கூட வாயத் தொறக்கலையே அங்கிள்."

"சொல்லாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. சொல்லியிருக்கணும். சாயங்காலம் போன் பண்ணி வருத்தப்பட்டேன். 'அவ சரியாத்தான் செஞ்சா, யாருன்னு தெரியாத ஆளை உள்ள விடலாமா'ன்னு என்னைத் திட்டினாரு. நீ எங்கிட்டப் பேசிட்டு நிக்காதே. உள்ள போ. அவர்கிட்டப் பேசு."

போகிறேன் என்றாள். போகவில்லை. இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. தபால்காரர் என்று தான் சொன்னதைப் பற்றி அவர் எப்போதாவது ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் பேச்சைத் தொடங்கச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். டுவேன் யோசித்தார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்றார். ஆனால் அதற்கப்புறம் ஒரு தரம் மீன் பிடிக்கிற இடத்தில், எம் பொண்ணு என்னைவிடக் கெட்டிக்காரி, அவள் சொல்கிற வழிதான் கடைசியில் நிற்கும் என்றாராம். சொல்லிவிட்டுத் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டாராம்.

கொரீன் நிமிர்ந்தபோது சமையலறை வாசலில் மாரிசெலா நின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்துப் பனிக்கட்டி உருகித் தண்ணீராகியிருந்தது. அவள் மெல்லத் தலையை அசைத்தாள். கொரீன் கைப்பேசியை மேடைமேல் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். கைப்பேசியின் மறுமுனையில் டுவேன் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது யார் காதிலும் விழவில்லை.

டெல்மர் ஜன்னல் பக்கம் தலை சாய்ந்து கிடந்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கொரீன் கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. அந்தச் சூட்டை உணர்ந்ததும் அவளுக்கு ஒரு பைத்தியக்கார நம்பிக்கை வந்து, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா என்று அவர் காதில் சொன்னாள். ஒரு தரம் சொன்னாள், சத்தமாக இன்னொரு தரம் சொன்னாள். பிறகு தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சனிக்கிழமை அவர் சாலையைப் பற்றிக் கேட்டபோது சொல்லியிருக்கலாம். சாலையைப் பற்றி அவ்வளவு நேரம் என்ன பேசினோம் என்று அவளால் ஞாபகப்படுத்திக்கொள்ளக்கூட முடியவில்லை.

மாரிசெலா அவளை அழ விட்டாள். அப்புறம் மெதுவாக உள்ளே வந்து, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, மணி பார்த்து, போர்வையை மார்புவரை இழுத்துச் சரிசெய்தாள். கடைசி மூச்சு சிரமமில்லாமல் போனது என்றாள். இனி நடக்க வேண்டியதை எல்லார் வீட்டிலும் சொல்கிற மாதிரி இங்கேயும் சொன்னாள்.

"நீங்க எங்கயும் அலைய வேண்டாம். நான் இப்போ கவுன்ட்டிக்குச் சொல்லிடுவேன். கவுன்ட்டிக்காரங்க ஸ்டேட்டுக்கு அனுப்புவாங்க. ஸ்டேட்ல பதிஞ்சுட்டு ஃபெடரலுக்குத் தெரியப்படுத்துவாங்க. அப்புறம் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் தானா நின்னுடும்."

கொரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மத்திய அரசுக்கு வந்து சேர எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். அவள் ஏதோ அவசரத்தில் கேட்கிறாள் என்று நினைத்து மாரிசெலா மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள்.

"நடுவுல ஸ்டேட் ஆபீஸ்ல கொஞ்சம் இழுக்கும். ஒரு வாரம்கூட ஆகலாம். வேணும்னா சீக்கிரம் முடிக்கச் சொல்லி நான் எழுதிவிடறேன்."

"வேண்டாம். மெதுவாவே வரட்டும்."

மாரிசெலா தலையாட்டிவிட்டு அறை வாசலில் நின்று கவுன்ட்டி அலுவலகத்தைக் கூப்பிட்டாள். டெல்மர் ப்ரான்ஸ்மா என்று எழுத்துக்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி எழுத்திலேயே நிறுத்திவிட்டாள். மறுமுனையில் யாரோ ஒரு பெண் பேச ஆரம்பித்திருந்தாள். ஒரு தடவை வெள்ளத்தில் அவர்கள் அலுவலகக் கணினியெல்லாம் நனைந்துபோனபோது இந்த மனுஷன் சாக்ஸோடு தரையில் உட்கார்ந்து... என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மாரிசெலா போனைப் பொத்திக்கொண்டு, நீங்கள் பேசுகிறீர்களா என்று கொரீனைச் சைகையில் கேட்டாள்.

கொரீன் வேண்டாம் என்று தலையசைத்தாள். ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள். அப்பாவின் கையை விடாமல், நாற்காலியைக் காலால் பக்கத்தில் இழுத்து, மாரிசெலாவை அதில் உட்காரச் சொன்னாள்.