செங்கல் வீட்டுப் பணக்காரிகள்

விடிவதற்கு முன்பே பனி தொடைவரை நனைத்துவிட்டது. இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைத் தேயிலைச் செடிகள் கீறக் கீற, ஈரத் துணி தோலோடு ஒட்டிக்கொண்டது. போசிபோரி குனிந்தாள். இரண்டு இலை, ஒரு கொழுந்து. கிள்ளினாள், தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிந்தாள். இருபத்திரண்டு வருஷமாக இதே சரிவு, இதே கிள்ளல். கட்டைவிரல் நகத்தைச் சுற்றி ஏறிய கறை எந்தச் சோப்புக்கும் அசைந்ததில்லை. எதிர்ச் சரிவில் கம்பெனி புதிதாக இறக்கிய பறிக்கும் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. ஒரு மிஷின் முப்பது பெண்களின் வேலையைத் தின்னும். மிச்சம் இருப்பவர்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று இருந்த கூலியும் சென்ற மாதம் குறைந்தாயிற்று.

"வழி விடுங்கடி, பணக்காரி வர்றா!" என்று அடுத்த வரிசையிலிருந்து அக்கெயோ கத்தினாள்.

"நீ மட்டும் என்ன, பிச்சைக்காரியா? உன் மவனும் அஞ்சாம் படிதானே?" என்றாள் போசிபோரி.

"ஆமாக்கா. நேத்துலேர்ந்து எனக்குக் காரு ஓட்டத் தெரியலையேன்னு ஒரே கவல."

வரிசை முழுவதும் சிரித்தது. போசிபோரி சிரிக்காமல் அடுத்த கொழுந்தைக் கிள்ளினாள்.

விஷயம் இதுதான். அவள் மகள் கெமுந்தோ நல்ல மதிப்பெண் வாங்கி, பல்கலைக்கழகத்தில் நர்ஸ் படிப்புக்கு இடமும் பெற்றுவிட்டாள். செலவுக்கு அரசாங்கத்திடம் மனுப் போட வேண்டும். அரசாங்கம் பிள்ளைகளை ஐந்து படியாகப் பிரிக்கிறது. முதற்படி பரம ஏழை: பெரும்பங்கு மானியம், கொஞ்சம் கடன், வீட்டார் கையிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம். ஐந்தாம் படி வசதிக்காரன்: மானியம் பேருக்கு, கடன் தலைக்கு மேல், அதுவும் போதாமல் வீட்டாரே கட்ட வேண்டிய பங்கு. கெமுந்தோவுக்கு வந்தது ஐந்தாம் படி. வீட்டுப் பங்கு அறுபத்திரண்டாயிரம் ஷில்லிங். நல்ல மழை மாதத்தில்கூட போசிபோரியின் கைக்கு ஒன்பதாயிரம் வந்தால் பெரிது.

அவளுக்கு மட்டுமா? கிப்செரெம் தோட்டத்து லயன் வீடுகளில் இந்த வருஷம் மனுப் போட்ட பதினோரு பிள்ளைகளுக்கும் அதே ஐந்தாம் படி.

ஏன் என்பதைக் காலை இடைவேளையில், பக்கத்து வரிசையில் பறிக்கும் செலங்கத் பிட்டுப் பிட்டு வைத்தாள். அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டே, "மனுவுல என்ன கேட்டாங்க, சொல்லு" என்றாள்.

"வீட்டுச் சுவர் எதாலன்னு கேட்டாங்க. பொண்ணு செங்கல்னு போட்டா."

"பொய்யா? இல்ல. தண்ணி?"

"குழாய்."

"கரண்டு?"

"இருக்கு."

"எல்லாரும் அதையேதான் போட்டோம். வீடு யாருதுன்னு ஒருத்தனும் கேக்கல, நாமளும் சொல்லல. மேட்டுல மூணு ஏக்கர் சொந்தத் தோட்டம் வெச்சிருக்கானே, அந்தக் கடைக்காரன், அவன் மவனுக்கு முதல் படி. மண் சுவராம்! மண் சுவரு வெச்சவன் ஏழை, சுவரே இல்லாதவ பணக்காரி."

செங்கல் வீடாம். போசிபோரி காறித் துப்பினாள். பத்துக்குப் பத்து அறை. சாலையைப் பார்த்த சுவருக்கு மட்டும் வருஷா வருஷம் வெள்ளை அடிப்பார்கள், வெளிநாட்டுக்காரன் வந்து படம் பிடிப்பான் என்று. உள்ளே அடுப்புப் புகை அப்பிய கரி. வரிசைக்கு ஒரு குழாய், எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். வேலை நின்ற பதினான்காம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். அந்தச் சுவர்தான் இப்போது மகளின் தலையில் இடிந்து விழுந்திருக்கிறது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்!

மறுபரிசீலனைக்கு மனுப் போட வெள்ளிக்கிழமைவரை நேரம் இருந்தது. வீடு கம்பெனியுடையது, கூலி இவ்வளவுதான் என்று முதலாளி தரப்பிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். ஊர் அதிகாரியின் முத்திரை போதாதா என்று செலங்கத் போய்க் கேட்டிருந்தாள். போதாது, ஆனாலும் அடித்துத் தருகிறேன், டீ செலவுக்குக் கொடு என்றானாம் அவன்.

"தேயிலை பறிக்கிறவகிட்டயே டீ கேக்கறான், பாரேன்!" என்றாள் செலங்கத். "எரியுற வீட்டுல புடுங்குறவன்."

புதன்கிழமை வேலை முடிந்ததும் ஐந்து பெண்கள் ஆபீசுக்குப் போனார்கள். மானேஜர் கொஸ்கெய் பிஸ்கோத்தைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே பளபளவென்று ஒரு படம்: வெள்ளைச் சுவருக்கு முன்னால் பல் தெரியச் சிரிக்கும் ஒரு பறிப்புக்காரி. கீழே, 'எங்கள் குடும்பம், எங்கள் இல்லம்'.

செலங்கத் விஷயத்தைச் சொன்னாள். மானேஜர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அதாவது, கம்பெனி தாளுல, கம்பெனி முத்திரையோட, 'எங்க தொழிலாளி ஏழை'ன்னு நானே எழுதித் தரணும். அப்படித்தானே?"

"உள்ளதைத்தான் சார் எழுதச் சொல்றோம்" என்றாள் செலங்கத்.

"உள்ளதா? நம்ம தேயிலை வாங்குறவன் என்ன கேக்கறான் தெரியுமா? உன் ஆளுங்க நல்லா இருக்காங்களான்னு கேக்கறான். நல்லா இருக்காங்கன்னு நான் எழுதிக் குடுத்தாத்தான் வாங்குறான். நாளைக்கு உங்க கடுதாசி அவன் கையில மாட்டினா? தோட்டத்தையே மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"வீடு கம்பெனியுதுன்னு ஒரு வரி, சார். அதுல என்ன மானம் போகுது?"

"வேணும்னா ஒண்ணு பண்றேன். நல்ல வீட்டுல குடியிருக்காங்கன்னு எழுதித் தரேன்" என்று அவரே சிரித்தார். "பொழுது சாயுது, போய்ச் சேருங்க. கெமுந்தோ அம்மா, நீங்க ஒரு நிமிஷம்."

மற்றவர்கள் வெளியே போனதும் குரல் தேனாகிவிட்டது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "உங்க பொண்ணு கெட்டிக்காரி. மனசு கேக்கல. கம்பெனிக்குன்னு ஒரு உதவித்தொகை இருக்கு, தோட்டத்துக்கே ஒண்ணுதான். உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன். வெளிய சொல்லாதீங்க, பொறாமைப்படுவாளுங்க. ஒரு போட்டோ எடுப்போம், அவ்வளவுதான்." அவர் ஒரு தாளை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் வர அவளால் முடியவில்லை, அதுதான் உண்மை.

வழியில் செலங்கத் காத்திருந்தாள். "என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. பொண்ண விசாரிச்சாரு."

"சரி, கேளு. நாளைக்குப் பறிப்போம். ஆனா எடை போட மாட்டோம். இலை நம்ம சாக்குல கெடக்கட்டும். கடுதாசி வந்தாத்தான் தராசு."

பறித்த இலை சாக்குக்குள் இரண்டு மணி நேரத்தில் சூடேறும், நாலு மணி நேரத்தில் கருகும். ஆலைக்கு அது குப்பை. எடை போடாத இலைக்குக் கூலியும் கிடையாது. "சரி" என்றாள் போசிபோரி. ரவிக்கைக்குள் அந்தத் தாள் குத்தியது.

வீட்டில் சோளமாவு உகாலிக் களி கிண்டிக்கொண்டிருந்த கெமுந்தோ கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் படித்தாள். முதல் பக்கத்தில் முகம் மலர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் இறுகியது.

"அம்மா, இது உதவி இல்ல."

"பெரிய எழுத்துல போட்டிருக்கே?"

"சின்ன எழுத்தைப் படி. நீ வேலையை விட்டு நிக்கறப்ப கம்பெனி குடுக்குற பணத்துலேர்ந்து மொத்தத்தையும் வட்டியோட புடிச்சுக்குவாங்களாம். அதுக்கு முன்னாடி எந்தக் காரணத்தால வேலை போனாலும் ஒரே தவணையில கட்டணுமாம். திருப்பிக் கேக்காததுதான் மானியம். திருப்பிக் கேட்டா கடன். என்ன பேரு வெச்சாலும் கடன்தான்."

"மிஷின் வருதே. அடுத்த வருஷம் என் வேலை..."

"அதேதான். அவங்களே உன்னை வெளிய அனுப்புவாங்க. அனுப்பிட்டு, காசைக் கட்டுன்னும் கேப்பாங்க."

இப்படியும் ஒரு களவாணித்தனமா! போசிபோரிக்கு வாயெல்லாம் கசந்தது. மகள் களியைப் பிசைந்துகொண்டே, "விடும்மா. ஒரு வருஷம் நானும் உன்கூடப் பறிக்க வர்றேன். அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

அந்தச் சொல்தான் தாயை அடித்துப்போட்டது. அவளுடைய அம்மாவும் ஒரு வருஷம் என்றுதான் இந்தச் சரிவில் இறங்கினாள். அக்கா ஒரு வருஷம் என்றாள். அவளும் ஒரு வருஷம் என்றாள். மகளின் கறைபடாத விரல்களைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள், கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"அம்மா!"

"நீ பேசாதே. நான் கடன்காரியாச் செத்தாலும் பரவாயில்ல. உன் கை கூடையில படக்கூடாது."

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு எடைக் கொட்டகை நிறைந்திருந்தது. எழுபது பெண்கள், சில ஆண்கள். எடைக் குமாஸ்தா ஒம்பாதி நோட்டை விரித்து, "ம், யாரு முதல்ல?" என்றான். யாரும் நகரவில்லை. சாக்குகளை இறக்கி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஆலைக்குப் போக வேண்டிய லாரி உறுமிக்கொண்டு நின்றது.

அரை மணியில் மானேஜர் ஜீப்பிலிருந்து குதித்தார்.

"என்ன இது? இலை வேகுது!"

"தெரியும் சார். எங்க பின்னாடிதான் சுடுது" என்றாள் அக்கெயோ. கொட்டகை கொல்லென்று சிரித்தது.

"உங்க கூலிதான் போகும், பாத்துக்கோங்க."

"கடுதாசிய எழுதுங்க, எடை போடறோம்" என்றாள் செலங்கத். "பதினோரு வீட்டுக்கு ஒரே கடுதாசி போதும்."

மானேஜரின் கண் கூட்டத்தைத் துழாவி போசிபோரியிடம் வந்து நின்றது. "கெமுந்தோ அம்மா, நீங்க விவரம் தெரிஞ்சவங்க. எழுந்து வாங்க. சாக்கைத் தராசுல வைங்க."

அவள் எழுந்தாள். ஆம், எழுந்துவிட்டாள். சாக்கைத் தூக்கித் தோளில் போட்டு இரண்டு அடியும் வைத்தாள். யாரும் வையவில்லை. வைதிருந்தால்கூடத் தேவலை.

மானேஜர் முகத்தில் சிரிப்பு விரிந்தது. "பாத்தீங்களாடி? நல்ல தாய்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லி, சந்தையில் மாட்டைத் தட்டுவதுபோல அவள் முதுகைத் தட்டினார்.

அவன் கை பட்ட இடம் கூசியது. அதைவிட, அந்தக் கைக்கு முதுகைக் கொடுத்து நின்ற தன்னை நினைத்துக் கூசியது. சாக்கைத் தரையில் போட்டாள். ரவிக்கைக்குள் கையை விட்டுத் தாளை எடுத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "நேத்து இவரு இதைக் குடுத்தாரு. தோட்டத்துக்கே ஒண்ணுதானாம், எனக்கு மட்டுமாம், வெளிய சொல்லக்கூடாதாம். உதவின்னு பேரு, உள்ளே கடன். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் என்னைக் காறித் துப்புங்க."

யாரும் துப்பவில்லை. அக்கெயோ மெல்லத் தலைத்துணியை அவிழ்த்தாள். அதன் மடிப்பிலிருந்து ஒரு தாள் வந்தது. அதே பெரிய எழுத்து, அதே முத்திரை.

"எனக்கு மட்டும்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு, செவ்வாக்கிழமை" என்றாள். "நானும் போட்டுட்டேன்."

பின்னாலிருந்து இன்னொருத்தி கையைத் தூக்கினாள். அவள் கையிலும் தாள். அதற்குப் பின்னால் இன்னொன்று. பதினோரு வீட்டுக்கு ஆறு தாள் வெளியே வந்தது. ஆறு 'உங்களுக்கு மட்டும்'.

"அடப்பாவி மனுசா!" என்று செலங்கத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரு பொண்ணைக் காட்டி ஆறு பேரைக் கட்டப் பாத்தியே!"

அவமானத்தில் குனிந்திருந்த முகங்கள் ஒன்றை ஒன்று பார்த்தன. முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கெட்ட நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தவர்களின் சிரிப்பு அது. போசிபோரி தன் தாளை நாலாகக் கிழித்து மானேஜரின் காலடியில் போட்டாள். மற்ற ஐந்து பேரும் அப்படியே செய்தார்கள்.

"ஏய் ஒம்பாதி! இருக்கிற இலையை நீயே ஏத்து!" என்று மானேஜர் கத்தினார்.

"எனக்குத் தராசு பாக்கத்தான் சார் சம்பளம். சுமக்க இல்ல" என்றான் ஒம்பாதி, நோட்டை மூடிக்கொண்டே.

"டிரைவர்! லாரியை எடு. போலீசுக்குப் போன் பண்றேன். சாயங்காலத்துக்குள்ள ஒரு வீடு விடாமக் காலி பண்ண வெக்கிறேன், பாரு!"

"அதை மட்டும் எழுதிக் குடுங்க சார், அந்த ஒரு வரியே போதும்!" என்றாள் போசிபோரி. "எங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியும்னா வீடு எங்களுது இல்லேன்னு ஆச்சே!"

மானேஜர் போனைக் காதில் வைத்தபடி ஜீப்பை நோக்கி நடந்தார். கடிதம் எழுதப்போகிறாரா, போலீசை அழைக்கப்போகிறாரா, யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் இருந்தது. சாக்குகளிலிருந்து புளித்த பச்சை வாடை எழும்பத் தொடங்கியது. இன்றைய கூலி போயிற்று. போசிபோரி திரும்பிப் போய்ச் செலங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். செலங்கத் தன் பங்குச் சோளத்தில் பாதியை ஒடித்துக் கொடுத்தாள்.

லாரியின் உறுமல் நின்றது. டிரைவர் கீழே இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தான்.

"ஏக்கா, அந்தக் கடுதாசியில டிரைவருங்க வீட்டையும் சேப்பீங்களா? எங்களுதும் செங்கல்தான். அடுத்த வருஷம் என் பையன் பரீட்சை எழுதறான்."

போசிபோரி சாக்கின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருப்பா" என்றாள். "சுடும், பாத்து."