கிளாராவின் உதடு

கிளாரா அக்காவின் நினைவு அட்டையில் இருக்கும் கண்கள் அவளுடையவை அல்ல. தங்கை ரூபியுடையவை. நான்தான் ஒட்டினேன்.

2006 ஆகஸ்டில் சிறுநீரகம் கெட்டு அக்கா செத்தாள். மில் நைட் ஷிப்டை விட்டுவிட்டு அப்போது நான் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருந்தேன். வீட்டுப் படங்களில் அவள் முகம் கடுகளவு. பெரிதாக இருந்தது சவப்பெட்டியில் எடுத்த படம் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் மூக்குப் பஞ்சை அழித்தேன். மூடிய கண்களுக்கு மேல் ரூபியின் கண்களை வைத்தேன். உதட்டைத் தொடவில்லை. நீர் கோத்துத் தடித்திருந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முப்பதாம் நாள் பூசையில் அட்டையை வாங்கியவர்கள், "உசுரோட இருக்கா" என்றார்கள். எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா புருசன் பிரான்சிஸ் மச்சானுக்கே ரூபியைக் கொடுப்பதென்று முடிவானது. ஈஸ்டர் கழித்துக் கல்யாணம். எல்லாம் அக்காவின் நாலு வயது மகள் அமலிக்காக. அமலியோ ரூபியைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"பிள்ளை ஒட்டலைன்னா அந்த வீட்ல எனக்கென்ன வேலை?" என்று ரூபி அழுதாள்.

அவள் சின்னாளப்பட்டியில் விடுதியில் தங்கி டீச்சர் வேலை பார்த்தாள். தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது உதடு தடித்திருந்தது.

"ஏத்தா, தேனீ கொட்டிருச்சா?"

"சிரிக்காதண்ணே. மதுரையில உதடு தடிக்க ஊசி போட்டேன். அஞ்சாறு வருசத்துக்குக் கரையாதாம்." பையிலிருந்து நினைவு அட்டையை எடுத்தாள். "இதக் காட்டித்தான் போடச் சொன்னேன். அப்படியே அக்கா வாய்தான?"

அட்டையிலிருந்த முகம் எதிரே நின்றது, கண் உட்பட. அது செத்த பிறகு எடுத்த படம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"வீக்கம் வத்திரும்" என்றேன்.

"வீக்கம் வத்திப் பத்து நாளாச்சு. இதுதான் அளவு."

மறுநாள் மச்சான் அமலியைக் கூட்டி வந்தார். அவள் வாசலில் நின்று ரூபியின் வாயையே பார்த்தாள். பிறகு தானாக வந்து கையைப் பிடித்தாள்.

"பிள்ளை கண்டுக்கிருச்சு, ஏசுவே" என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"படு" என்றாள் அமலி.

ரூபி சிரித்தபடி பாயில் படுத்தாள்.

"கண்ண மூடு."

மூடினாள். அமலி அவள் கைகளை எடுத்து நெஞ்சின் மேல் கோத்து வைத்தாள். அக்காவின் சவப்பெட்டியை மூடும் முன் மச்சான் அவளைத் தூக்கிப் பிடித்து முத்தம் கொடுக்க வைத்தாரே, அதே மாதிரி குனிந்து நெற்றியில் முத்தினாள்.

"அம்மா" என்றாள்.

ரூபி கண்ணைத் திறந்தாள். அமலி வீறிட்டாள். ரூபி மூடினாள். அழுகை நின்றது.

மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் ரூபியை எழுப்பப் போனேன்.

"விடுண்ணே" என்றாள் அவள், உதடு அசையாமல். "செத்த நேரம் இப்படியே கெடக்கேன்."